நூலகக் காலண்டரில் நிகழ்ச்சி போடுவது எப்படி: லிங்க்கும் டேக்கும் சொதப்பாமல் இருக்க

அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்கு வந்து, வளாகத்துக்குள் வேலை தேடி அலைந்து, கடைசியில் பல்கலைக்கழக நூலகத்தில் ஸ்டூடண்ட் அசிஸ்டென்ட் வேலை கிடைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். புத்தகம் அடுக்கும் வேலை என்று நினைத்துத்தான் போவீர்கள். இரண்டு வாரம் அடுக்கவும் அடுக்குவீர்கள். மூன்றாவது வாரம் யாராவது வந்து, "உனக்குக் கம்ப்யூட்டர் தெரியும்தானே, ஈவன்ட்ஸ் காலண்டரை இனிமேல் நீயே பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது.

தலைப்பு, தேதி, நேரம் போட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். முதல் செமஸ்டர் முடிவதற்குள் 40 போஸ்டரைக் கிழித்து மறுபடி ஒட்டினேன். மதியம் நடக்க வேண்டிய வகுப்பை நள்ளிரவுக்கு வைத்தேன். சம்பந்தமில்லாத ஒரு துறையின் பக்கத்தில் என் நிகழ்ச்சி போய் உட்கார்ந்து, அங்கிருந்து ஒரு கோபக் கடிதம் வாங்கினேன். எல்லாமே என் தப்புதான். ஆனால் முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் நடந்திருக்காது.

எங்கள் நூலகம் பயன்படுத்துவது ஸ்பிரிங்ஷேர் நிறுவனத்தின் லிப்கால். இங்குள்ள பல பல்கலைக்கழக நூலகங்களில் அதுதான் இருக்கிறது. உங்கள் நூலகத்தில் வேறு மென்பொருள் இருந்தாலும், பட்டன்களின் பெயர்தான் மாறும். விழ வேண்டிய குழிகள் ஏறக்குறைய இவையேதான்.

1. எத்தனை காலண்டர் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்

ஒன்றுதான் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். குறைந்தது மூன்று இருக்கும். நூலகத்தின் நிகழ்ச்சிக் காலண்டர் ஒன்று. பல்கலைக்கழகம் முழுவதற்குமான பொதுக் காலண்டர் இன்னொன்று. பல இடங்களில் அது லோக்கலிஸ்ட் என்ற வேறு மென்பொருளில் ஓடும். அறைகளைப் பதிவு செய்யும் அமைப்பு மூன்றாவது. வகுப்பறைகளுக்குப் பெரும்பாலும் 25 லைவ் என்ற மென்பொருள்.

இதில் புதிதாக வருபவர்கள் மாட்டும் முதல் இடம், நிகழ்ச்சியைக் காலண்டரில் போட்டுவிட்டால் அறையும் பதிவாகிவிட்டது என்று நினைப்பது. நூலகத்துக்குள் இருக்கும் அறையை லிப்காலிலேயே இணைத்து வைத்திருந்தால் ஒருவேளை ஆகும். வெளியே இருக்கும் வகுப்பறை என்றால் ஆகாது. நீங்கள் பெயரை எழுதினீர்கள், அவ்வளவுதான். அந்த நேரத்தில் அங்கே யாரோ கால்குலஸ் நடத்திக்கொண்டிருப்பார்கள்.

மேலாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எது மூலக் காலண்டர், எது அதிலிருந்து தகவல் எடுத்துக்கொள்வது? பொதுக் காலண்டருக்கு நிகழ்ச்சி தானாகப் போகிறதா, கையால் மறுபடி போட வேண்டுமா? என் கணக்குக்கு என்னென்ன அனுமதி இருக்கிறது? மூன்றாவது முக்கியம். சாதாரணக் கணக்கில் நிகழ்ச்சிகளுக்குப் புது வகைகளை (கேட்டகரி) உருவாக்க முடியாது. நிர்வாகிதான் செய்ய வேண்டும். இல்லாத பட்டனைத் தேடி நான் ஒரு மதியம் முழுக்க வீணடித்திருக்கிறேன்.

2. கையில் எல்லாம் வந்த பிறகு உட்காருங்கள்

காரிடாரில் நின்றபடி, "அடுத்த மாதம் ஒரு வொர்க்‌ஷாப் போட்டுவிடு, விவரம் அப்புறம் தருகிறேன்" என்று சொல்வார்கள். சரி என்று தலையாட்டுங்கள், ஆனால் எதையும் வெளியிடாதீர்கள். கீழே உள்ளவை எழுத்தில் வரட்டும்:

- நிகழ்ச்சி நடத்துபவரிடமிருந்து படிவமோ மின்னஞ்சலோ. வாய்வார்த்தை வேண்டாம்.
- அறை உறுதியானதற்கான மின்னஞ்சல், பதிவு எண்ணோடு.
- பேச்சாளரின் பெயர், அவரே எழுதுகிற எழுத்துக்கூட்டலில். நம் ஊர்ப் பெயர்களுக்கு இது இன்னும் முக்கியம்: இனிஷியல் முன்னால் வருமா, தந்தை பெயர் கடைசியில் வருமா என்று அவரையே கேட்டுவிடுங்கள்.
- நாலைந்து வரி அறிமுகம், புகைப்படம், அந்தப் புகைப்படத்தை இணையத்தில் போடலாம் என்று ஒரு வரி சம்மதம்.
- வேறு படம் போடுவதாக இருந்தால் அதன் உரிமம். கிரியேட்டிவ் காமன்ஸ் (பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தந்த) படங்களிலும் பெரும்பாலானவற்றுக்கு எடுத்தவர் பெயரைப் போட்டாக வேண்டும். கூகுளில் தேடிக் கிடைத்தது என்பது உரிமம் அல்ல.
- தொடர்பு முகவரி. தனி நபருடையது வேண்டாம். துறையின் பொது மின்னஞ்சலைக் கேளுங்கள்.
- இருக்கை எண்ணிக்கை, முன்பதிவு வேண்டுமா வேண்டாமா.
- மாற்றுத்திறனாளிகள் உதவி கோருவதற்கான வாக்கியம். உங்கள் பல்கலைக்கழகத்தில் அச்சடித்த மாதிரி ஒரு வாசகம் இருக்கும். அதை அப்படியே போடுங்கள், சொந்தமாக எழுத வேண்டாம்.

போஸ்டரை மட்டும் அனுப்பிவிட்டு, "எல்லா விவரமும் இதில் இருக்கிறது" என்பார்கள் சிலர். இருக்கிறதுதான், படமாக இருக்கிறது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர் படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பகமாகப் படிக்காது. தேடலிலும் அந்த எழுத்து அகப்படாது. போனில் பார்ப்பவர் இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். போஸ்டரில் உள்ள ஒவ்வொரு விவரத்தையும் எழுத்தாகத் தட்டச்சு செய்துவிட்டு, அப்புறம் படத்தை அலங்காரத்துக்கு வையுங்கள். படத்துக்கு மாற்று உரை எழுதும் கட்டம் இருந்தால் அதையும் நிரப்புங்கள்.

3. தேதியும் நேரமும்: நம்மைப் போல் வந்தவர்கள் விழும் குழி

இங்கே மாதம் முதலில், நாள் பிறகு. 5/6 என்றால் மே 6. நம் கண் தன்னால் ஜூன் 5 என்று படிக்கும். 12க்கு மேற்பட்ட நாட்களில் குழப்பம் தானாகத் தெரிந்துவிடும். 12 வரை தெரியாது. மின்னஞ்சலில் எண்ணாக வந்தால், மாதத்தை எழுத்தில் எழுதி, கிழமையும் சேர்த்து, "இதுதானே?" என்று திருப்பி அனுப்புங்கள். கிழமை போட்டால் பாதித் தவறுகள் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது பன்னிரண்டு மணி. மதியம் 12 என்பது பிஎம், நள்ளிரவு 12 என்பது ஏஎம். 11 ஏஎம்முக்கு அடுத்து 12 ஏஎம்தானே என்று நான் போட்டுவிட்டேன். மதிய உணவு நேர வகுப்பு நள்ளிரவுக்குப் போனது. பதிவு செய்தவர்களுக்கெல்லாம் நினைவூட்டல் மின்னஞ்சல் போன பிறகுதான் ஒருவர் கேலியாக, "தலையணை கொண்டுவரலாமா?" என்று பதில் போட்டார்.

மூன்றாவது, கடிகார மாற்றம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் இது கிடையாது. ஆகவே நியூயார்க் நேரத்துக்கும் சென்னை நேரத்துக்கும் உள்ள இடைவெளி கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி. அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை வாராவாரம் நடந்த ஓர் இணையவழித் தொடருக்குச் சென்னையிலிருந்து ஒருவர் பேச வந்தார். நவம்பரில் அவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, காலியான ஜூம் அறையில் காத்திருந்தார். வெளிநாட்டிலிருந்து யாராவது கலந்துகொள்கிறார்கள் என்றால் அவர்கள் ஊர் நேரத்தையும் விவரத்தில் எழுதுங்கள். கிழக்குக் கரை நேரத்தைக் குறிக்க ஈஎஸ்டி என்று எழுதாமல் ஈடி என்று மட்டும் போடுங்கள். ஈஎஸ்டி என்பது குளிர்கால நேரம், கோடையில் அது தவறு.

மேசை போடவும் மைக் சரிபார்க்கவும் ஆகும் நேரத்துக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. அதை நிகழ்ச்சி நேரத்தோடு சேர்த்துவிட்டால் அரை மணி முன்னதாக ஆட்கள் வந்து, நீங்கள் நாற்காலி தூக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

4. ஒரு நிகழ்ச்சி, ஒரு பக்கம், ஒரு லிங்க்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

நிகழ்ச்சியைச் சேமித்ததும் அதற்கென்று ஒரு பொதுப் பக்கம் உருவாகும். அதன் முகவரியின் கடைசியில் ஓர் எண் இருக்கும். அந்த எண்தான் நிகழ்ச்சியின் அடையாளம். தலைப்பை மாற்றினாலும், தேதியைத் தள்ளிப்போட்டாலும், அறையை மாற்றினாலும் எண் மாறாது. லிங்க் அப்படியே வேலை செய்யும். ஆனால் நிகழ்ச்சியை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் புது எண். பழைய லிங்க் செத்துப்போகும்.

ஒரு பயிற்சி வகுப்பின் தேதி மாறியது. திருத்துவதை விடப் புதிதாகப் போடுவது சுத்தமாக இருக்கும் என்று பழையதை அழித்தேன். காலண்டரில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. வளாகம் முழுக்க ஒட்டியிருந்த 40 போஸ்டரிலும் இருந்த க்யூஆர் கோடு மட்டும், பக்கம் இல்லை என்ற பக்கத்துக்குப் போனது. முன்பே பதிவு செய்திருந்த 11 பேரின் விவரமும் அழித்த நிகழ்ச்சியோடு போய்விட்டது. பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்த பிறகு மண்டபத்தை இடித்த கதை.

ஆகவே:

அழிக்காதீர்கள், திருத்துங்கள். தேதி மாறினாலும் திருத்தம்தான். ரத்தானாலும் பக்கத்தை விட்டுவைத்து, தலைப்பின் தொடக்கத்திலேயே ரத்து என்று எழுதி, பதிவை மூடிவிட்டு, பதிவு செய்தவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். லிங்கைத் தட்டி வருபவருக்கு விஷயம் தெரியும்.

நகலெடுக்கும் வசதியைக் கவனமாகப் பயன்படுத்துங்கள். போன செமஸ்டர் நிகழ்ச்சியை நகலெடுப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். நகலுக்குப் புது எண் வரும், அதில் சிக்கல் இல்லை. ஆனால் விவரத்துக்குள் இருக்கும் பழைய ஜூம் லிங்க், பழைய பதிவுப் படிவம், பழைய பேச்சாளரின் மின்னஞ்சல் எல்லாம் கூடவே வரும். நகலெடுத்ததும் ஒவ்வொரு லிங்கையும் தட்டிப் பாருங்கள்.

எந்த முகவரியை நகலெடுக்கிறீர்கள் என்று பாருங்கள். நீங்கள் உள்நுழைந்து திருத்திக்கொண்டிருக்கும் திரையின் முகவரி ஊழியர்களுக்கானது. அதைப் பிறருக்கு அனுப்பினால் கடவுச்சொல் கேட்கும். உங்களுக்கு மட்டும் ஒழுங்காகத் திறப்பதால் தவறு தெரியாது. அனுப்புவதற்கு முன் மறைநிலைச் சாளரத்தில், அதாவது இன்காக்னிட்டோவில், ஒட்டித் திறந்து பாருங்கள். இதற்குப் பத்து விநாடி போதும். நான் இப்போது இதைச் செய்யாமல் எந்த லிங்கையும் அனுப்புவதில்லை.

மாதக் காட்சியின் லிங்கும் நிகழ்ச்சியின் லிங்கும் வேறு. மாதக் காட்சியை அனுப்பினால் பெறுபவர் முப்பது கட்டத்தில் உங்கள் நிகழ்ச்சியைத் தேட வேண்டும். தேட மாட்டார்.

வாராவாரம் நடக்கும் தொடர் என்றால், ஒவ்வொரு தேதிக்கும் தனி எண், தனிப் பக்கம், தனிப் பதிவு. முதல் வாரத்தின் லிங்கைப் போஸ்டரில் போட்டால் இரண்டாம் வாரம் முதல் ஆட்கள் முடிந்துபோன பக்கத்துக்கு வருவார்கள். தொடருக்கு எந்த லிங்க் கொடுப்பது என்பதை ஆறாம் படியில் சொல்கிறேன்.

5. விவரத்துக்குள் லிங்க் வைக்கும்போது

"இங்கே தட்டவும்" என்று எழுதாதீர்கள். ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துபவர்கள் பக்கத்தில் உள்ள லிங்குகளை மட்டும் வரிசையாகக் கேட்பதுண்டு. இங்கே, இங்கே, இங்கே என்று ஐந்து முறை கேட்டால் அவருக்கு என்ன புரியும்? "சோட்டேரோ பயிற்சிக் கோப்பைத் தரவிறக்க" என்று (சோட்டேரோ என்பது மேற்கோள்களைத் தொகுக்கும் மென்பொருள்), போகும் இடத்தையே லிங்க்காக்குங்கள். நீண்ட முகவரியை அப்படியே ஒட்டுவதும் இதே கொடுமைதான்; எழுத்து எழுத்தாகப் படிக்கும்.

வேர்டிலிருந்து ஒட்டும்போது எழுத்துரு, நிறம், இடைவெளி எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். வெறும் எழுத்தாக ஒட்டிவிட்டு, பிறகு தடிமன் வேண்டிய இடத்தில் போடுங்கள்.

ஜூம் லிங்கைப் பொதுப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். அழையா விருந்தாளிகள் உள்ளே வந்து கத்திவிட்டுப் போவார்கள். முன்பதிவு கட்டாயம் என்று வைத்து, பதிவு உறுதியாகும் மின்னஞ்சலில் மட்டும் லிங்க் போகும்படி அமையுங்கள். லிப்காலோடு ஜூமை இணைத்திருந்தால் இது தானாகவே நடக்கும். இணைத்திருக்கிறார்களா என்று நிர்வாகியைக் கேளுங்கள்.

6. டேக்: மூன்று வகை, மூன்று வேலை

கேட்டகரி, ஆடியன்ஸ், இன்டர்னல் டேக் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். எல்லாம் ஒன்றுதான், நிறைய டிக் அடித்தால் நிறையப் பேர் பார்ப்பார்கள் என்று நினைத்து ஒரு தடவை ஏழு கேட்டகரியையும் டிக் அடித்தேன். நடந்தது வேறு.

கேட்டகரி என்பது நிகழ்ச்சி எதைப் பற்றியது என்பது: பயிற்சி வகுப்பு, கண்காட்சி, ஆய்வு உதவி என்கிற மாதிரி. வாசகர்கள் காலண்டரை வடிகட்ட இதைப் பயன்படுத்துவார்கள். அதோடு, நூலகத்தின் துறைவாரிப் பக்கங்களில் "வரவிருக்கும் நிகழ்ச்சிகள்" என்று சின்னப் பெட்டி இருக்குமே, அது கேட்டகரியைப் பார்த்துத்தான் நிகழ்ச்சிகளை இழுத்துக்கொள்ளும். அதாவது நீங்கள் ஒரு டிக் அடித்தால் எங்கோ ஒரு பக்கத்தில் அந்த நிகழ்ச்சி தோன்றும். என் ஏழு டிக்கால், இளங்கலை மாணவர்களுக்கான தேர்வு நேர மன அழுத்த நிகழ்ச்சி ஆசிரியர்களுக்கான ஆய்வு நிதிப் பக்கத்தில் முதல் வரியில் நின்றது. கோபக் கடிதம் அங்கிருந்துதான் வந்தது. எதிர்த் தவறும் உண்டு: கேட்டகரியே போடாவிட்டால் நூலகக் காலண்டரில் நிகழ்ச்சி தெரியும், துறைப் பக்கத்துப் பெட்டியில் தெரியாது. "நிகழ்ச்சியைக் காணோமே" என்று கேட்டால் முதலில் அந்தக் கட்டத்தைப் பாருங்கள்.

என் கணக்கு: ஒரு கேட்டகரி, மிஞ்சிப்போனால் இரண்டு. இரண்டாவதைப் போடுமுன் அந்தக் கேட்டகரியைத் தேடி வருபவருக்கு இந்த நிகழ்ச்சி எரிச்சல் தருமா என்று யோசியுங்கள்.

ஆடியன்ஸ் என்பது யாருக்கானது என்பது. முதுகலை மாணவர், ஆசிரியர், பொதுமக்கள். "பொதுமக்கள்" என்று டிக் அடிக்கும் முன் கட்டடத்துக்குள் நுழைய அடையாள அட்டை வேண்டுமா என்று பாருங்கள். வேண்டும் என்றால், வெளியாட்கள் வாசலில் நிற்பார்கள்.

இன்டர்னல் டேக் வாசகர் கண்ணுக்குத் தெரியாது. ஆண்டறிக்கைக்குக் கணக்கெடுக்க ஊழியர்கள் பயன்படுத்துவது. எந்தத் துறையோடு சேர்ந்து நடத்தியது, எந்த நிதியில் நடந்தது என்பதெல்லாம் இங்கே. இதில் சோம்பல் பட்டால் உடனே ஒன்றும் ஆகாது, மே மாத இறுதியில் யாராவது, "இந்த வருடம் வரலாற்றுத் துறையோடு எத்தனை நிகழ்ச்சி?" என்று கேட்கும்போது 200 நிகழ்ச்சியை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியிருக்கும்.

எந்த டேக்காக இருந்தாலும், பட்டியலில் இருப்பதையே எடுங்கள். ஒருமையில் ஒன்று, பன்மையில் ஒன்று என்று ஒரே பெயர் இரண்டு வடிவத்தில் இருந்தால் நிகழ்ச்சிகள் இரண்டு கூறாகப் பிரிந்துவிடும். புதிதாக ஒன்று வேண்டும் என்று தோன்றினால், அதன் கீழ் வருடத்துக்குக் குறைந்தது ஐந்து நிகழ்ச்சியாவது வருமா என்று பாருங்கள். வராது என்றால் வேண்டாம். ஐந்து என்பது நானே வைத்துக்கொண்ட எண், விதி அல்ல.

இப்போது தொடருக்கான லிங்க். நூலகக் காலண்டரின் பொதுப் பக்கத்துக்குப் போய், உங்கள் தொடருக்கென்று தனியாக இருக்கும் கேட்டகரியை மட்டும் தேர்ந்தெடுங்கள். முகவரிப் பட்டையில் கேள்விக்குறிக்குப் பிறகு வரும் பகுதியில் அந்தக் கேட்டகரியின் எண் சேர்ந்திருக்கும். அந்த முழு முகவரியை நகலெடுத்தால், எப்போது திறந்தாலும் அந்தத் தொடரில் இனி வரப்போகும் நிகழ்ச்சிகள் மட்டும் தெரியும். ஒரு எச்சரிக்கை: முகவரியில் குறிப்பிட்ட தேதி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அது அந்தத் தேதியிலேயே நின்றுவிடும். அடுத்த மாதக் காட்சிக்குப் போய்விட்டு நகலெடுத்தால் இப்படி ஆகும். எப்போதும் முதல் திரையிலிருந்தே எடுங்கள்.

7. க்யூஆர் கோடு, குறுலிங்க், எண்ணிக்கை

இலவசமாக க்யூஆர் செய்து தரும் தளங்கள் நிறைய. அவற்றில் பல, உங்கள் முகவரியை நேராக வைக்காமல் தங்கள் முகவரி ஒன்றை நடுவில் வைக்கும். சோதனைக் காலம் முடிந்ததும் மாதச் சந்தா கேட்கும். கட்டாவிட்டால் போஸ்டரில் இருக்கும் கோடு வேலை செய்யாது. குரோம் உலாவியிலேயே பகிர்வு மெனுவில் க்யூஆர் உருவாக்கும் வசதி இருக்கிறது. நேரடி முகவரி, காலாவதி கிடையாது, காசும் கிடையாது. செய்த கோட்டைப் போனில் பிடித்து, எந்த முகவரிக்குப் போகிறது என்று படித்துப் பாருங்கள்.

அளவுக்கு ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு: எவ்வளவு தூரத்திலிருந்து பிடிப்பார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு. ஒரு மீட்டர் தள்ளி நிற்பார்கள் என்றால் 10 செ.மீ. கையேட்டில் என்றால் 2 செ.மீ. போதும். க்யூஆருக்குக் கீழே தட்டச்சு செய்யக்கூடிய குறுலிங்கும் இருக்கட்டும். பல பல்கலைக்கழகங்களுக்குச் சொந்தக் குறுலிங்க் சேவை இருக்கிறது, கேட்டால் தருவார்கள்.

எந்த வழியாக ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் லிங்க்கின் கடைசியில் யுடிஎம் குறிகளைச் சேர்க்கலாம். போஸ்டருக்கு ஒன்று, செய்திமடலுக்கு ஒன்று. வருகைகளை எண்ணித் தரும் கூகுள் அனலிட்டிக்ஸ் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறு வேறாக எண்ணும். ஆகவே எல்லாமே சின்ன எழுத்தில் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நூலகத்தின் சொந்தத் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் லிங்குகளில் இதைச் சேர்க்காதீர்கள். வந்தவர் உண்மையில் எங்கிருந்து வந்தார் என்ற கணக்கு குழம்பும்.

8. "மாத்திட்டேனே, ஏன் பழசே காட்டுது?"

நீங்கள் திருத்தியது உங்கள் பக்கத்தில் உடனே மாறும். பிறரிடம் மாறாது. ஒருவர் நிகழ்ச்சியைத் தன் காலண்டரில் சேர்த்துக்கொண்டார் என்றால் அது ஒரு நகல். நீங்கள் நேரத்தை மாற்றினாலும் அவரிடம் பழைய நேரம்தான் இருக்கும். நூலகக் காலண்டரையே சந்தா செய்துவைத்திருப்பவருக்கு மாறும், ஆனால் மெதுவாக. கூகுள் காலண்டரில் 12 மணி நேரம் வரை ஆகலாம். அவுட்லுக்கில் 24 மணி நேரத்தையும் தாண்டலாம்.

எனவே நாளைக்கு நடக்கப்போகும் நிகழ்ச்சியின் அறையை இன்று மாற்றினால், காலண்டரை நம்பாதீர்கள். பதிவு செய்த எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். பழைய அறை வாசலில் ஒரு தாள் ஒட்டுங்கள். தாளைப் போல் வேகமாக வேலை செய்யும் தொழில்நுட்பம் இன்னும் வரவில்லை.

9. செலவும் கால அளவும்

காலண்டரில் போடக் காசில்லை. மென்பொருளின் ஆண்டுச் சந்தாவை நூலகம் கட்டிவிடுகிறது. செலவு வேறு இடங்களில் ஒளிந்திருக்கும். சாப்பாடு என்றால் பல வளாகங்களில் அங்கீகரித்த கேட்டரரிடம்தான் வாங்க வேண்டும். வெளியில் சமோசா வாங்கிவந்து வைக்க முடியாது. "சாப்பாடு உண்டு" என்று காலண்டரில் எழுதும் முன் யார் கணக்கில் என்று கேளுங்கள். சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும் என்று யாராவது கேட்டால், ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கும் குறைந்தது இரண்டு மணி நேரக் கட்டணம் என்பது வழக்கம். அதற்கான பணம் பல இடங்களில் மாற்றுத்திறனாளிகள் சேவை அலுவலகத்திலிருந்து வரும், ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இலவச ஜூம் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும். பல்கலைக்கழகக் கணக்கிலிருந்தே கூட்டத்தை உருவாக்கச் சொல்லுங்கள்.

நான் பின்னோக்கி எண்ணி வைத்திருக்கும் கால அட்டவணை இது. நான்கு வாரம் முன்பு அறை. மூன்று வாரம் முன்பு எல்லா விவரமும் கைக்கு வந்து, வெளியிடாத நிலையில் பக்கத்தைச் சேமித்து, நடத்துபவரிடம் காட்டி ஒப்புதல். இரண்டு வாரம் முன்பு வெளியீடு. க்யூஆரும் போஸ்டரும் இதற்குப் பிறகுதான், ஒருபோதும் முன்னால் அல்ல. ஒரு வாரம் முன்பு எல்லா லிங்கையும் மறுபடி தட்டிப் பார்ப்பது. நிகழ்ச்சிக்கு முந்தின நாள் தானியங்கி நினைவூட்டல்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. வியாழக்கிழமையே உங்கள் 20 மணி நேரம் தீர்ந்திருந்தால், வெள்ளி மாலை வரும் அவசரத் திருத்தத்தை நீங்கள் செய்யக் கூடாது. "ஐந்து நிமிட வேலைதானே" என்பார்கள், இருந்தாலும் கூடாது. உங்களுக்குப் பதிலாக யார் செய்வார் என்று ஆரம்பத்திலேயே பெயர் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இலவச நிகழ்ச்சி என்றால் பதிவு செய்தவர்கள் எல்லோரும் வர மாட்டார்கள். அறையில் 30 நாற்காலி என்றால் நான் 35 இடம் திறந்து, அதற்கு மேல் காத்திருப்போர் பட்டியலும் வைப்பேன். நினைவூட்டல் மின்னஞ்சலில் பதிவை ரத்து செய்யும் லிங்க் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால்தான் காத்திருப்பவருக்கு இடம் கிடைக்கும்.

10. முடிந்த பிறகு

பக்கத்தை அழிக்காதீர்கள் என்று மறுபடியும் சொல்கிறேன். முடிந்த நிகழ்ச்சியின் லிங்கும் திறக்கும். பேச்சைப் பதிவு செய்திருந்தால் காணொளியின் லிங்கை அந்தப் பக்கத்திலேயே விவரத்தின் முதல் வரியில் சேருங்கள். வந்தவர் எண்ணிக்கையை அன்றே போட்டுவிடுங்கள், அடுத்த வாரம் நினைவிருக்காது. பதிவு செய்தவர்களின் பெயர்ப் பட்டியலைப் பேச்சாளர் கேட்டால் நீங்களாகக் கொடுக்காதீர்கள். மேலாளரிடம் கேளுங்கள்.

கடைசியாக, படிப்பு முடிந்து கிளம்பும்போது நீங்கள் உருவாக்கிய நிகழ்ச்சிகள் எல்லாம் உங்கள் பெயரில்தான் இருக்கும். புதிதாக யாராவது பதிவு செய்தால் அறிவிப்பு உங்கள் முகவரிக்கு வரும். பட்டம் வாங்கிய பிறகு அந்தக் கணக்கை மூடிவிடுவார்கள். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு, இனி நடக்கவிருக்கும் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் திறந்து உரிமையாளரை மாற்றுங்கள். எனக்கு 23 இருந்தன, இரண்டு மணி நேரம் ஆனது.